முழு டேங்க் போட்டால் மட்டும் பெட்ரோல் கசிகிறது: பழைய மாருதி 800-க்கு உதவி தேவை

கேள்வி (திண்டுக்கல்)

வணக்கம். அப்பாவின் 2003 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பிரஷரில் பீய்ச்சும் வகை). ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டேங்க்கை நிரப்பினால் பின்சீட்டில் பெட்ரோல் வாடை தூக்குகிறது, நிறுத்திய இடத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வாடையும் இல்லை, சொட்டும் இல்லை. இங்கே பார்த்த ஒரு மெக்கானிக், டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, டேங்க்கையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் வெளியே சிலிக்கான் பேஸ்ட் அப்பிவிடலாம் என்கிறார். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான், அதனால் பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில் (கோவை, மெக்கானிக்)

தம்பி, இரண்டுமே அவசர முடிவு. டேங்க்கின் அடியில் ஓட்டை இருந்தால் கால் டேங்க்கிலும் சொட்ட வேண்டும். நிரம்பினால் மட்டும் கசிகிறது என்றால் கோளாறு மேல்பக்கம். அங்கே இருப்பவை மூன்று: பம்பும் பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டும் உட்காரும் இடத்து ரப்பர் சீல், பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்க்கோடு சேர்க்கும் ஹோஸ், காற்று போகும் சின்ன ஹோஸ்.

எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பங்க்கில் பெட்ரோல் போடும்போதே ஒழுகினால் ஹோஸ். எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்தால் பம்பிலிருந்து போகும் பிரஷர் லைன், அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. சும்மா நிற்கும்போதும் கசிந்தால் பெரும்பாலும் சீல். டேங்க்கின் பக்கவாட்டைத் துடைத்துக் காயவைத்து முகப்பவுடர் தூவிவிடு. ஈரம் எந்தப் பக்கம் மேலிருந்து இறங்குகிறது என்று கோடு காட்டும். பார்ப்பதற்கு எல்.இ.டி. டார்ச் மட்டும் எடு. குண்டு பல்பு லைட்டைக் காருக்கு அடியில் கொண்டுபோகாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. பங்க்கில் ஒழுகவில்லை. எஞ்சினை அணைத்து நிறுத்திய பிறகும் கசிகிறது. பவுடரில் கோடு டேங்க்கின் மேல்விளிம்பிலிருந்து இறங்குகிறது. அப்படியானால் சீல்தானே? சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டை வெட்டி ஒரு மூடி போட்டால் டேங்க்கை இறக்காமலே வேலை முடியும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில் (கோவை, மெக்கானிக்)

சீல்தான். வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் வாடை அடிக்கிற டேங்க்குக்கு நேர் மேலே கிரைண்டர் வைத்தால் பொறி எங்கே விழும் என்று யோசித்துப் பார். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நிறைந்த டேங்க்கைவிட ஆவி மட்டும் நிற்கிற காலி டேங்க்தான் வெடிக்கும். டேங்க்கை இறக்கித்தான் செய்ய வேண்டும்.

பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து, மேடான, காற்றோட்டமான இடத்தில் வேலையை வை. பள்ளத்தில் வேண்டாம். முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓட்டினால் லைனில் உள்ள பிரஷர் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. மிச்சப் பெட்ரோலைக் கேனில் எடுத்துத் தள்ளி வை. அடியில் ஜாக் மட்டும் கொடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போகாதே, ஸ்டாண்டு போடு.

டேங்க் இறங்கியதும் யூனிட்டைக் கழற்றும் முன்பே சுற்றிலும் மண்ணைத் துடைத்துவிடு, உள்ளே விழுந்தால் பம்ப் கெடும். பழைய சீல் ஊறிப் பெருத்திருக்கும், திரும்ப உட்காராது. தூக்கிப் போடு. இனிதான் முக்கியமான இடம்: சீல் உட்காரும் தகட்டுவிளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார். துரு பொத்தல் பொத்தலாக அரித்திருந்தால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் திரும்பக் கசியும். லேசான துரு என்றால் டேங்க்கின் வாயை அடைத்துவிட்டுக் கையால் தேய்த்து எடு, மிஷின் வேண்டாம். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. ஒரேயடியாக இறுக்கினால் ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் இடைவெளி விடும். சிலிக்கான் பேஸ்ட் பூசாதே. பெட்ரோலில் அது ஊறிக் கழன்று பம்பின் வலைக்குள் போய் அடைக்கும்.

பதில் (சென்னை, பழைய வண்டிகள் வைத்திருப்பவர்)

சீல் ஏன் போனது என்பதையும் பாருங்கள். 2023 முதல் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி இப்போது எல்லா ஊரிலும் அதுதான். அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர் பாகங்களை அதைத் தாங்கும்படி செய்கிறார்கள். உங்கள் வண்டி அதற்கு 20 ஆண்டு முன்பு வந்தது. எத்தனாலில் சாதாரண நைட்ரைல் ரப்பர் ஊறும். பெட்ரோல் வற்றிக் காயும்போது சுருங்கி விரிசல் விடும். அதனால் சீல் வாங்கும்போது கம்பெனி பாகமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் அதே அளவுக்குக் கிடைக்கிறதா பாருங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் விசாரிக்கலாம், பழைய சீலைக் கையோடு எடுத்துப்போங்கள்.

டேங்க் கீழே இறங்கியிருக்கும்போதே ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், தனியாக இன்னொரு முறை இறக்கக் கூலி கொடுப்பது வீண். பிரஷர் லைனுக்கு ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வேண்டும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு உரியது, உங்களுக்கு ஆகாது.

கேட்டவர்

நீங்கள் இருவரும் சொன்னதைக் காட்டியதும் மெக்கானிக் ஒத்துக்கொண்டார். டேங்க்கை இறக்கிப் பார்த்தால் ஓட்டை எதுவும் இல்லை. சீல் ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. விளிம்பில் மேலோட்டமான துருதான், தேய்த்ததும் போய்விட்டது. கம்பெனி சீல், புது ஹோஸ்கள், பம்பின் வலை எல்லாம் மாற்றியாயிற்று. முதலில் 5 லிட்டர் ஊற்றி நிறுத்திவைத்தோம், கசிவு இல்லை. இனி நிரப்பிப் பார்க்கலாமா அண்ணா?

பதில் (கோவை, மெக்கானிக்)

நிரப்பு தம்பி, நிரப்பினால்தான் தெரியும். 28 லிட்டர் டேங்க். நாஸில் தானாக நின்றதும் விட்டுவிடு, ரவுண்டு தொகைக்காக மேலே ஊற்ற விடாதே. கழுத்துவரை நிரப்பினால் சீல் நன்றாக இருந்தாலும் ஆவிக்குழாய்க்குள் பெட்ரோல் ஏறி வாடை அடிக்கும், நீ மறுபடியும் சீலைச் சந்தேகப்படுவாய். நிரப்பியதும் சரிவான இடத்தில் ஒரு முறை முன்பக்கம் தாழ்ந்தும், ஒரு முறை பின்பக்கம் தாழ்ந்தும் நிற்கவைத்துப் பவுடரைத் தூவிப் பார். இரண்டிலும் காய்ந்தே இருந்தால் அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போ.