36 வயதில் கருத்தடை மாத்திரை: கண்ணில் மின்னும் கோடுகளோடு வரும் தலைவலியைப் பொருட்படுத்த வேண்டுமா?

வேளச்சேரி வாசகி:
வணக்கம். நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் ஒருவர் ஈஸ்ட்ரோஜன், டிரோஸ்பைரினோன் என்ற இரு ஹார்மோன்கள் சேர்ந்த கருத்தடை மாத்திரையை ஆறு மாதங்களுக்கு எழுதிக் கொடுத்தார், அதன்பின் நிறுத்திவிட்டேன். அண்மையில் மாதவிடாய் மீண்டும் தள்ளிப்போகவே, பழைய மருந்துச்சீட்டைக் காட்டி அதையே வாங்கி, ஐந்து வாரமாகச் சாப்பிட்டு வருகிறேன். இதற்குள் இரண்டு முறை கண்ணோரத்தில் நெளிநெளியாக மின்னும் கோடுகள் தோன்றி, இருபது நிமிடத்தில் மறைந்து, பிறகு ஒருபக்கத் தலைவலி வந்தது. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். கணவரோ நாள் முழுவதும் கணினியைப் பார்ப்பதால் என்கிறார். அம்மாவுக்கு 42 வயதில் காலில் இரத்தம் உறைந்து சிகிச்சை பெற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைத் தொடரலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:
தொடர வேண்டாம், அம்மா. இன்றே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஆணுறை போதும். மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் மாத்திரையைத் தொடங்கியதாகச் சொல்கிறீர்கள், கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்தீர்களா? கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, முகமோ கையோ ஒருபுறம் செயலிழந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பொதுநல மருத்துவர், அண்ணா நகர்:
நீங்கள் விவரிப்பது ஒளிக்குறியுடன் கூடிய ஒற்றைத் தலைவலியாக இருக்கக்கூடும். அது உள்ளவர்களுக்கு மூளைப் பக்கவாத அபாயம் ஏற்கெனவே சற்றுக் கூடுதல். உங்கள் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் ஏற்றுகிறது என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை இத்தகையோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே கூடாது என்கிறது.

இரத்த உறைவு வேறு வழியில் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி உறைவுக்கான புரதங்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட கணக்குப்படி, மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்கும், டிரோஸ்பைரினோனுக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் சேர்ந்த மாத்திரை வகையை எடுப்போரில் 5 முதல் 7 பேருக்கும், உங்கள் டிரோஸ்பைரினோன் வகையில் 9 முதல் 12 பேருக்கும் உறைவு ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு இது சிறிய எண்ணிக்கைதான். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் அபாயம் இதைவிட அதிகம். ஆனால் முதல் ஆண்டிலும், நான்கு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கும்போதும் அபாயம் கூடும் என்பதும், தாய்க்கு இளவயதிலேயே உறைவு வந்திருப்பதும் சேர்ந்தால் உங்கள் கணக்கு வேறு. இரத்த அழுத்தத்தை எப்போது பார்த்தீர்கள்?

புற்றுநோயைப் பற்றி யாரேனும் பயமுறுத்தினால் ஒன்று: மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடி, நிறுத்தியபின் படிப்படியாகக் குறைகிறது, சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் வாய்ப்போ மாத்திரையால் குறைகிறது. உங்கள் கேள்விக்கு இது முக்கியமன்று.

மருந்தாளுநர், அம்பத்தூர்:
பழைய சீட்டுக்கு மாத்திரை கொடுப்பது எங்கள் தொழிலின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். இனி யாரேனும் உங்களுக்கு லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த சஹேலி என்ற கருத்தடை மாத்திரையைப் பரிந்துரைப்பார்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, உண்மைதான். ஆனால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை நம்பியிருக்கக் கூடாது என்பதையும் கடைக்கு வருபவர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் முதன்முறையாகக் கேட்பதுபோல் பார்ப்பார்கள்.

வேளச்சேரி வாசகி:
அனைவருக்கும் நன்றி. மாத்திரையை நேற்றே நிறுத்திவிட்டேன். கர்ப்பப் பரிசோதனையில் இல்லை என வந்தது. இன்று காலை மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 148/96 இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோதும் ஏறக்குறைய அதேதான். காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்றும், மாதவிடாய் ஒழுங்குக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மருந்தைத் தனியாகப் பார்க்கலாம் என்றும் மருத்துவர் கூறினார். அம்மாவின் பழைய மருத்துவக் கோப்பை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார், பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன்.