மதுரையில் திருநங்கை, திருநம்பியர் வாய்நல ஆய்வு: சாம்பிளும் ஒப்பீடும் எப்படி?

கேள்வி: முதுகலை மாணவி, பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம்

வணக்கம். மதுரை, மேலூர், திருமங்கலம் பகுதியில் வாழும் திருநங்கை, திருநம்பியரின் வாய்நலம்தான் என் ஆய்வுத் தலைப்பு. சொத்தை (டிஎம்எஃப்டி: சொத்தையான, இழந்த, அடைச்ச பற்களோட எண்ணிக்கை), ஈறு, வாயின் உட்புறச் சவ்வு எல்லாத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2013 படிவத்தில் பதியப் போறேன். மூணு சந்தேகம். முழுப் பட்டியலே இல்லாத மக்களிடம் சாம்பிள் எப்படி எடுக்கிறது? ஒப்பிட்டுப் பார்க்க எங்க கல்லூரி ஓபிக்கு வர்றவங்க போதுமா? ஜமாத் (திருநங்கையர் குழு) தலைவியான நாயக் ஒப்புக்கிட்டா எல்லாரும் ஒப்புக்கிட்ட மாதிரியா?

பதில்: புள்ளியியல் வேலை பார்ப்பவர்

திருநங்கையர் நலவாரியப் பட்டியலை நம்பி இறங்காதீங்க. வாரியம் 2008லயே வந்துடுச்சு. ஆனா அடையாள அட்டை வாங்கினவங்க மட்டும்தான் அந்தப் பட்டியல்ல இருப்பாங்க. வீட்டுக்குத் தெரியாம வாழ்றவங்க அதுல சிக்கவே மாட்டாங்க.

கூப்பன் வழிச் சங்கிலி சாம்பிள்தான் இங்க பொருந்தும்: ஆய்வுக்கு வந்தவங்களே தெரிஞ்சவங்களுக்குக் கூப்பன் கொடுத்து அனுப்புவாங்க. ஹெக்கதார்ன் 1997ல வகுத்த முறை. வயசு, தொழில், ஊர் மூணுலயும் வேறுபட்ட ஆறேழு பேர்ல தொடங்குங்க. ஒருத்தருக்கு மூணு கூப்பன், அதுக்கு மேல வேண்டாம். வந்து பரிசோதனை செஞ்சுக்கிட்டதுக்கு ஒரு தொகை, அவங்க அனுப்பின ஆள் வந்தா இன்னொரு சின்னத் தொகை. தொகை பெருசானா கூப்பன் கைமாறும், சம்பந்தமில்லாதவங்க வருவாங்க. ரொம்பக் குறைஞ்சா ரெண்டாவது சுற்றுலயே சங்கிலி அறுந்துபோகும்.

நிறையப் பேர் விட்டுடுற கேள்வி ஒண்ணு இருக்கு: "மதுரை மாவட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்ச, அவங்களுக்கும் உங்களைத் தெரிஞ்ச, 18 வயசு தாண்டின திருநங்கைகள் எத்தனை பேர்? அதுல போன 30 நாள்ல பார்த்தது எத்தனை பேரை?" இந்த எண் இல்லேன்னா எடையிட (ஒவ்வொருத்தர் பதிலுக்கும் எவ்வளவு கனம்னு கணக்கில சரிசெய்ய) முடியாது. எடையிடலேன்னா நிறையப் பேரைத் தெரிஞ்சவங்களோட பல்லைத்தான் அளந்திருப்பீங்க.

எண்ணிக்கை: பரவல் 50 சதவீதம், பிழை 10 சதவீதப் புள்ளின்னு வெச்சா 96 வரும். சங்கிலி சாம்பிளுக்காக ரெண்டால பெருக்கினா 192. பத்துல ஒருத்தர் விலகுவார்னு கணக்குப் போட்டா 214. திருநம்பியரை இதே சங்கிலியில கோர்க்காதீங்க. அவங்க பெரும்பாலும் ஜமாத்துக்குள்ள இல்லை. தனி விதை (சங்கிலியைத் தொடங்குற ஆட்கள்), தனிச் சங்கிலி வேணும்.

சித்திரை மாசம் களப்பணி கூடவே கூடாது. கூவாகம் திருநங்கையர் திருவிழாவுக்கு நிறையப் பேர் கிளம்பிடுவாங்க, கூப்பன் வெளி மாவட்டத்துக்குப் போயிடும். அதே நேரம் அழகர் ஆத்துல இறங்குற கூட்டத்துல மதுரைக்குள்ள முகாம் வண்டி நகராது.

ஓபி நோயாளிகளை ஒப்பீட்டுக்கு எடுக்காதீங்க. பல்வலின்னு வந்தவங்க வாயும் தெருவுல இருக்கிறவங்க வாயும் ஒண்ணா? அதே தெரு, அதே வயசு ஆண்கள், பெண்கள் வேணும். ரெண்டு பக்கமும் பிறப்பில் பதிஞ்ச பாலினம், இப்போதைய பாலினம்னு ரெண்டு கேள்வியும் கேளுங்க.

பதில்: பல் மருத்துவர், ஈறு சிகிச்சை

இங்க டிஎம்எஃப்டியே ஏமாத்தும். 30 வயசுக்குக் கீழ இருந்தா சொத்தையால போன பல்லை (குறியீடு 4) மட்டும் எண்ணுறோம். 30க்கு மேல வேற காரணத்தால போனதையும் (குறியீடு 5) சேர்த்துடுறோம். அடிபட்டு முன்பல் போன 35 வயசு அக்காவோட பல்லு சொத்தைக் கணக்குல விழும். வன்முறை அப்படியே மறைஞ்சிடும். 4, 5 ரெண்டையும் தனித்தனியா அச்சிடுங்க. படிவத்துல பல் காயத்துக்கு இடம் இருக்கு, காரணத்துக்கு இல்லை. காரணத்துக்கு ஒரு கட்டம் நீங்களே சேருங்க.

சராசரியை மட்டும் பார்க்காதீங்க. அடைச்ச பல்லை, சொத்தையும் அடைச்சதும் சேர்ந்த கூட்டால வகுத்துப் பாருங்க. ரெண்டு குழுவுக்கும் ஒரே டிஎம்எஃப்டி இருந்து இந்த விகிதம் மட்டும் இறங்கியிருந்தா, நோய் கூடல, சிகிச்சைதான் எட்டலன்னு அர்த்தம்.

ஈறு ப்ரோபோட (ஈறைச் சோதிக்கிற மெல்லிய கருவி) நுனி உருண்டை 0.5 மில்லி மீட்டர், அழுத்தம் 20 கிராமுக்கு மேல போகக் கூடாது. கட்டைவிரல் நகத்துக்கடியில வெச்சு அழுத்திப் பழகுங்க. வலிக்காம, தோல் லேசா வெளுக்கணும். ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) எடுக்கிறவங்களுக்குப் பல்லுல படியுற கிருமிப் படலமான கறை கொஞ்சம் இருந்தாலே ஈறு கசியலாம். அதனால கறை அளவும் பதியணும். எந்த மாத்திரை, எத்தனை மாசமா, டாக்டர் எழுதினதா, கடையில தானா வாங்கினதா? அத்தோட நிறுத்துங்க. அறுவை சிகிச்சை பத்தின கேள்வி பல் ஆய்வுக்குத் தேவையில்லை.

மஞ்சள் விளக்கு வேண்டாம், சிவந்த ஈறு கண்ணுக்குத் தெரியாது. புகையிலை, பாக்கு மெல்றவங்களுக்கு வாய் திறக்கிற அளவை மேல், கீழ் வெட்டுப்பல் இடையில மில்லி மீட்டர்ல எடுங்க.

பதில்: திருநங்கைகளுடன் களப்பணி செய்பவர்

நாயக் அனுமதி வாசல் திறக்கத்தான். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி ஒவ்வொருத்தர் சம்மதமும் தனியா வேணும். அதையும் குரு பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீங்க. சேலாவால (குருவோட சிஷ்யை) "வேண்டாம்"னு சொல்ல முடியாது.

காலையில கடை கேட்க (கடை கடையா காசு வாங்க) போயிடுவாங்க. மதியம் மூணுல இருந்து ஆறு மணிக்குள்ள வைங்க. சீட்டுல எந்தப் பேர் இருந்தாலும் அவங்க சொல்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உதட்டுச் சாயம் துடைக்க டிஷ்யூ, முகம் பார்க்கக் கண்ணாடி, ரெண்டும் இருக்கட்டும்.

வாயில வெள்ளைப் படலம் தெரிஞ்சா படிவத்துல எச்ஐவி சந்தேகம்னு எழுதிடாதீங்க. 2017 எச்ஐவி சட்டம் ரகசியத்தைக் காக்குது. தனியா கூப்பிட்டுச் சொல்லி, அவங்க சரின்னா நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) வழிகாட்டுங்க. சொத்தைன்னு எழுதிட்டு அனுப்பிடுறதும் தப்புதான். அடைக்க, பிடுங்க நாள் குறிச்சுக் கொடுங்க. பெரியாஸ்பத்திரியோ உங்க கல்லூரியோ, போற இடத்துல யாரைப் பார்க்கணும்னு ஒரு ஆளை முன்கூட்டியே பேசி வைங்க.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. பகுப்பாய்வுல புகையிலை, வருமானம் ரெண்டையும் சரிக்கட்ட (அதோட தாக்கத்தைக் கணக்குல கழிக்க) சொல்லி எங்க கைடு சொல்றார். செய்யலாமா?

பதில்: புள்ளியியல் வேலை பார்ப்பவர்

முதல் புள்ளியியல் மாடல்ல வயசு மட்டும் போடுங்க. வீட்டை விட்டுத் துரத்தினதால வறுமை, ஒதுக்கலோட அழுத்தத்தால புகையிலை, அதனால வாய்ப்புண். மேயர்ங்கிற ஆய்வாளர் 2003ல விளக்கின, ஒதுக்கப்படுற பாலினச் சிறுபான்மையினரோட மன அழுத்தம் இந்த வழியாத்தான் வாய்க்கு வருது. நடுவுல இருக்கிறதைச் சரிக்கட்டினா வித்தியாசம் சுருங்கும், "பாகுபாட்டால ஒண்ணும் இல்லை"ன்னு தப்பா எழுதிடுவீங்க. ரெண்டாவது மாடல்ல புகையிலையும் வருமானமும் சேருங்க. ரெண்டு முடிவையும் ஒரே அட்டவணையில பக்கத்துப் பக்கத்துல கொடுங்க, கைடும் ஒத்துப்பார்.