தொடையில் கம்பியோடு பழனி மலை ஏறியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 52.

2024 ஜூலையில் குடும்பத்தோடு மலேசியா போயிருந்தோம். பத்துமலையில் 272 படியும் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் கேமரன் மலைக்குப் போகும் வழியில் வேன் கவிழ்ந்தது. எனக்கு இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் காய்கறி லாரியில் வந்த ஒருவர், பெட்டிப் பலகையை உடைத்து என் காலோடு சேர்த்துத் தன் துண்டால் கட்டினார். என் சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலம் கிழிந்து நெஞ்செல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வேண்டிக்கொண்டேன், பிழைத்தால் பழனிக்கு வந்து நடந்தே மலையேறுகிறேன் என்று. அந்த மனிதரின் பெயர்கூடத் தெரியாது. அவர் உருவில் வந்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈப்போவில் ஆபரேஷன். தொடைக்குள் கம்பி இருக்கிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, மெதுவாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் பிசியோதெரபி செய்தேன். இப்போது ஏரியை ஒரு சுற்று, 5 கி.மீ., தடியில்லாமல் நடக்கிறேன். ஆனால் பழனியில் இரண்டு தடவை முயன்றும் 693 படிகளில் நூறைத் தாண்ட முடியவில்லை. முழங்கால் வீங்கிக் கால் நடுங்குகிறது. வீட்டில் வின்ச் ரயிலில் போகலாம் என்கிறார்கள். இறங்குவதற்குச் சரி, ஏறுவதற்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்து, படிகளைவிடச் சரிவாக ஏறும் யானைப்பாதையில், கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போகலாம் என்றிருக்கிறேன். என்னைப் போலத் தொடையில் கம்பியோடு அந்த வழியில் ஏறியவர்கள், எங்கெங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள்?