பழைய வீட்டுத் தளமும் தரையும்: நாங்களே கைவைத்துப் பார்த்த அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மாடித்தளம்) வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒழுகல் என்று சொன்னதும் எல்லாரும் தரும் யோசனை ஒன்றுதான்: மேலே சிமெண்டு பூசிவிடு. எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். விளைவு, ஐப்பசி மழையில் கூடத்துக்கு நடுவே பாத்திரம் வைக்க வேண்டிய நிலைமை.

இந்தத் தளம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும். கீழே தேக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள சின்னச் செங்கல்லை மூலைவாட்டாக, குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கிய 3 அங்குலத் தளம். கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. மரம் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். சிமெண்டு தாங்காது, மயிரிழையாக விரியும். விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் திரும்ப ஆவியாகிப் போக வழியில்லாமல் மரத்தின் தலையில் உட்கார்ந்துவிடும்.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கான்கிரீட் வீட்டில் செய்வதுபோல் மேலே பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 1 அங்குலம் தண்ணீர் நின்றால் 25 கிலோ பாரம். பழைய மரத்துக்கு அந்தச் சோதனை வேண்டாம். ஈரச் சாக்கை விரித்துப் பகுதி பகுதியாகத் தண்ணீர் ஊற்றினோம். என் தம்பி கீழே நின்று, கசிந்த இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டான். கூடத்தின் நடுவில் சொட்டிய தண்ணீர் உண்மையில் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இறங்கியிருந்தது. அங்கே ஓர் அரசங்கன்று. இலை நாலைந்துதான். ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால், வேர் தட்டோட்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே ரிப்பன் மாதிரி தட்டையாக ஓடியிருக்கிறது. கன்றை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் போன வழியெல்லாம் ஓட்டை எடுத்து, வேரை உருவிய பிறகுதான் பூச்சைத் தொட்டோம்.

சிமெண்டை உளியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தோம். டிரில்லிங் மெஷின் வைத்தால் கீழே உள்ள குத்துக்கல் ஆட்டம் கண்டுவிடும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு, சலித்த செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் மூன்றையும் குழைத்துப் பூசினோம். மாசியில் செய்தோம், சித்திரை வெயிலில் பூச்சு சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். ஈரச் சாக்குப் போட்டு நிழலாக வைத்திருந்து, மழைத்தண்ணீர் வெளியே போகும் தூம்பை நோக்கி வாட்டம் (சரிவு) சரியாக இருக்கிறதா என்று ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) வைத்துப் பார்த்த பிறகே தட்டோடு பதித்தோம். வாட்டம் சரியில்லையென்றால் எந்தப் பூச்சும் நிற்காது.

ஒரு எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். இரும்பு டிரம்தான் வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகவே கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

திருவல்லிக்கேணியிலிருந்து:

கும்பகோணம் சார் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு எங்கள் வீட்டு மாடி அறையில் தளம் லேசாகத் தொங்கியது. மேலே பூச்சு வேலையை ஆரம்பிக்கும் முன் சட்டத்தின் முனைகளைப் பாருங்கள். நடுமரம் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகும் கடைசி அரை அடிதான் ஈரம் குடித்து உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். ஒரு சட்டத்தில் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது.

அதற்கு மேல் நான் தொடவில்லை. இரும்பு ஜாக்கியால் முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டோம். சட்டத்தின் ஓரத்தில் இரும்பு பீம் கொடுத்துத் தாங்கினார்கள். பூச்சு, தட்டோடு, விரிசல் எல்லாம் வீட்டுக்காரர் செய்யலாம். பாரம் தாங்கும் மரம் வேறு விஷயம். தலைக்கு மேலே டன் கணக்கில் செங்கல் நிற்கிறது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:

தளத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் தரைக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி வீட்டில் முகப்பில் ஆத்தங்குடிக் கல் (டைல்), உள்கட்டில் சிவப்பு ஆக்சைடு தரை. இரண்டுமே சிமெண்டும் நிறப்பொடியும் சேர்ந்தவை. அதனால் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. மேல்தோலை அரித்து நிறத்தைக் கொண்டுபோய்விடும். இதைச் சொல்லாமலே ஆசிட் பாட்டிலை நீட்டும் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமுண்டு.

கல் வெளுத்து உப்புப் பூத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரு முழத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விட வேண்டும். ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் மண்ணின் ஈரம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. காரணம் முற்றத்துத் தூம்பு அடைத்து, மழைத்தண்ணீர் வெளியே போகாமல் அஸ்திவாரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. தூம்பைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு கோடை முழுக்கத் தரையைக் காயவிட்டோம். பாதி உப்பு துடைத்ததிலேயே போய்விட்டது.

உடைந்த கல்லுக்குப் புதுக்கல் கிடைக்கும், ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்க்கிறார்கள். ஆனால் கால் பட்டுப் பட்டு ஏறிய மினுமினுப்புக்கு நடுவே புதுசு தனியாகத் தெரியும். பீரோவுக்கு அடியில் இருந்த பழைய கல்லைப் பெயர்த்து நடுவில் வைத்தோம், புதுசை பீரோவுக்கு அடியில் போட்டோம். பெயர்க்கும்போது உடைந்த கல்லை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி எடுங்கள், பக்கத்துக் கல் தப்பிக்கும்.

சிவப்புத் தரை விரிசல்: கத்தி முனையால் தூசியை எடுத்து, நனைத்து, சிமெண்டும் ஆக்சைடும் குழைத்து அடைக்க வேண்டும். ஆக்சைடு, சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வலு குறையும். குழம்பாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்தால் வெளுக்கும். ஓர் ஓட்டுத் துண்டில் தடவி, முழுசாகக் காய்ந்த பிறகு தரையோடு ஒத்துப் பாருங்கள். அடைத்த இடத்தை ஒரு வாரம் ஈரமாக வைத்து, நன்றாகக் காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தோம்.

நாணயத்தால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் மட்டும் விரிசலை அடைத்துப் பயனில்லை. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, கீழே ஜல்லியைக் கெட்டித்து, புதிதாகப் போட வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து மறுபடி:

பூச்சுக்குக் கடுக்காய் எவ்வளவு போட வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய கொத்தனார் கைக்கணக்காகப் போட்டார். கொட்டையை நீக்கி இடித்து, தண்ணீர் காப்பி நிறத்துக்கு வரும்வரை நாள்கணக்கில் ஊறவிட்டு வடிகட்டினார். அப்படிப்பட்ட ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், சாந்துப் பாண்டைத் தூக்கிக் கொடுங்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். தை பிறப்பதற்குள் தேடிப் பிடித்துவிடுங்கள்.