புதுப்பிப்பு: எம்1969 பயிற்சித் துப்பாக்கியில் தோட்டா வெடிக்காத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரோமானியாவின் கூகிர் ஆலைத் தயாரிப்பான .22 எல்ஆர் (சிறிய ரகத் தோட்டா) எம்1969 துப்பாக்கியில் தோட்டாக்கள் அடிக்கடி வெடிக்காமல் போவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். சிலர் ஸ்ட்ரைக்கரை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) தள்ளும் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னார்கள். பலித்தது, போல்ட்டுக்குள் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) இறுகிய காஸ்மோலினை (துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கெட்டி கிரீஸ்) முதலில் கழுவச் சொன்ன யோசனைதான்.

போல்ட்டை முழுசாகப் பிரித்து, மினரல் ஸ்பிரிட்டில் (கிரீஸைக் கரைக்கும் திரவம்) இரவு முழுக்க ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்தேன். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே பழுப்பு மெழுகாக அப்பிக் கிடந்தது. ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைத்தது அதுதான். முன்பு தோட்டா விளிம்பில் லேசான தடம்தான் விழும், இப்போது நல்ல ஆழம். எண்ணெய் ஒரு பொட்டு போதும். கூடினால் குளிரில் கெட்டியாகி ஸ்ட்ரைக்கரை மறுபடி மெதுவாக்கும்.

எதிர்பாராதது: வெயிலில் வைத்ததும் துப்பாக்கியின் மரக்கட்டையும் காஸ்மோலினைக் கசியவிட்டது. இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதே சிக்கல் உள்ளவர்கள், தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே பிடித்து 30 வினாடி கழித்துத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும்.