ஏற்காட்டு ஈரத்தில் டேலியா கிழங்கைக் காப்பது

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து:

டேலியா பூச்செடியின் கிழங்கைப் பத்திரப்படுத்தும் குறிப்புகளைத் தேடினால், பெரும்பாலும் உறைபனி நாட்டுக்காரர்கள் எழுதியவைதான் கிடைக்கின்றன. அங்கே மண்ணோடு கிழங்கிலுள்ள நீரும் உறைந்து, பனி விட்டதும் கிழங்கு கூழாகிவிடும். அதனால் தோண்டி எடுத்து வீட்டுக்குள் 4 முதல் 10 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் பல் கிட்டும்தான், ஆனாலும் தோட்டத்து மண் உறைவதில்லை. இங்கே கிழங்கைக் கொல்வது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் மார்கழி மூடுபனி. இலை உதிர்ந்த செடி தண்ணீரை இழுக்காது. மண்ணோ சொதசொதவென்று கிடக்கும். அப்புறம் கிழங்கு அழுகாமல் என்ன செய்யும்?

தண்டு மஞ்சளானதும் மழை விட்ட இடைவெளி பார்த்து, ஒரு சாண் தண்டை விட்டு மேலே வெட்டிவிடுவேன். பிறகு ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் தோண்டி, கொத்தாகத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கோ தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில் மட்டும்தான் முளை. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் முளைக்காது.

தண்டு உள்ளே குழாயாக இருப்பதால் மழைநீர் தேங்கியிருக்கும். கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, திண்ணை நிழலில் சில நாள் காயவிட்டால் அது வடிந்துவிடும். அடிபட்ட இடங்களில் விறகுச் சாம்பல் தடவுகிறேன். மூங்கில் கூடையில் காய்ந்த தென்னை நார்த்தூள் பரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி, மேலேயும் தூவிவிடுவேன். கூடை இருப்பது உள் அறையில், சுவரில் ஒட்டாமல் ஒரு பலகை மேல். அடுப்படிப் பரண் எனக்குச் சரிப்படவில்லை, அந்தச் சூட்டில் கிழங்கு சுருங்குகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். பிரித்தபோது உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். "நான் ஒரு சொட்டுகூட ஊத்தலையே!" என்றார். கிழங்கு உறங்கும்போதும் மூச்சு விடுகிறது. அந்த ஈரம் வெளியே போக வழி வேண்டும். கொஞ்சம் மென்மையாகிவிட்டவற்றை வெட்டி எறிந்து, மீதியைக் கூடைக்கு மாற்றினோம். பெரும்பகுதி பிழைத்தது.

மாதம் இருமுறையாவது கிளறிப் பாருங்கள். சுருங்கினால் நார்த்தூளில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். பிப்ரவரியில் கழுத்தில் முளை எட்டிப் பார்க்கும். அப்போது நட்டால் மே மாதம் அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கும் சமயம் நம் வாசலிலும் பூ இருக்கும்.

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து:

அக்கா, கீழே எங்களுக்கு டேலியா மார்கழி, தையில்தான் பூக்கும். நாங்கள் கிழங்கைக் காப்பாற்றுவது கோடைச் சூட்டிலிருந்து. காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், தரையில் வைக்கிறேன்.

குளிர்காலத்தில் நான் எடுத்து வைப்பது, வண்ண இலைக்காக வளர்க்கும் கலேடியம். இலை சாய்ந்ததும் தண்ணீரைக் குறைத்து, கிழங்கு காய்ந்ததும் மணலில் போடுவேன். செடி விற்ற ஒருவர் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். அது டூலிப்புக்குச் சரி, அதற்குக் குளிர் பட்டால்தான் பூ. கலேடியம் தென் அமெரிக்க வெப்பக் காட்டுச் செடி. 15 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு கெட ஆரம்பிக்கும். அதனால் பீரோ மேல் அட்டைப்பெட்டியில் வைத்தேன், சித்திரையில் அத்தனையும் முளைத்தன. ஏற்காட்டில் வைத்திருப்பவர்கள் இதற்கு மட்டும் கதகதப்பான இடம் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து மறுபடி:

நல்லது தம்பி, என் கலேடியத்தை இன்றே அடுப்படிப் பக்கம் மாற்றுகிறேன். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு: காய்ந்த கிழங்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பூவின் நிறத்தை மார்க்கர் பேனாவால் கிழங்கின் மேலேயே எழுதிவிடுங்கள்; காகிதச் சீட்டு இந்த ஊர் ஈரத்தில் நிற்காது.