5-ஆல வகுக்கணுமா 4-ஆலயா? வேரியன்ஸ் பஞ்சாயத்து

பேக்கிங்_பாபு: எங்க லைன்ல அரைக்கிலோ பாக்கெட் அஞ்சு எடுத்து எடை போட்டேன், 498, 502, 500, 499, 501 கிராம். சராசரி 500. வித்தியாசத்தையெல்லாம் வர்க்கம் பண்ணி கூட்டினா 4+4+0+1+1 மொத்தம் 10. பைத்தான் லைப்ரரி நம்பைல போட்டா வேரியன்ஸ் (எடை எவ்ளோ சிதறுதுங்கற அளவு) 5-ஆல வகுத்து 2ன்னு வருது, இன்னொரு லைப்ரரி பாண்டாஸ்ல அதே டேட்டாவுக்கு 4-ஆல வகுத்து 2.5ங்குது. ரிப்போர்ட்ல எதை எழுதறது?

கோட்குரங்கு: 2 தான் ப்ரோ. சராசரின்னா எத்தனை இருக்கோ அத்தனையால வகு, அவ்ளோதான். ஒண்ணு கழிக்கிறதெல்லாம் வாத்திமாருங்க வழிவழியா பண்ற சடங்கு, ஏன்னு கேட்டா டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (இஷ்டத்துக்கு மாறக்கூடிய எண்கள் எத்தனைங்கறது)னு மந்திரம் ஓதுவாங்க

பழைய_வாத்தியார்: அந்த அஞ்சு பாக்கெட் மட்டும்தான் உலகம்னா 2 சரி தம்பி. ஆனா பாபுவுக்கு தெரிய வேண்டியது மெஷின் நாள் பூரா எப்படி போடுதுன்னு. மெஷினோட நிஜ சராசரி 500ன்னு யாரு சொன்னா? அது 501ஆ இருந்தா அதே அஞ்சு பாக்கெட்டுக்கு வர்க்கக் கூட்டல் 15, அஞ்சால வகுத்தா 3. சாம்பிளோட சொந்த சராசரிய நடுவுல வெச்சாதான் கூட்டல் இருக்கறதுலயே சின்னதா வரும், வேற எந்த நம்பர வெச்சாலும் ஏறும். அதனால நீ சொல்ற வழில சராசரியா கம்மியாதான் காட்டும்.

கோட்குரங்கு: கம்மியாகுது, ஒத்துக்கறேன். ஆனா கரெக்டா ஒண்ணு ஏன் கழிக்கணும், ஒன்றரை ஏன் இல்ல? கதை வேணாம் கணக்கு காட்டுங்க

பழைய_வாத்தியார்: பேப்பர் எடு. பாப்புலேஷன் (சாம்பிள் எடுக்கற முழுக் கூட்டம்) மொத்தமே 2, 4, 6. வேரியன்ஸ் 8/3, அதாவது 2.67. இதுல ரெண்டு ரெண்டா எடு, எடுத்தத திரும்ப போட்டுட்டு எடுக்கணும், 9 ஜோடி வரும். 2-ஆல வகுத்தா மூணு ஜோடிக்கு 0, நாலு ஜோடிக்கு 1, ரெண்டு ஜோடிக்கு 4. கூட்டினா 12, ஒன்பதால வகுத்தா 1.33, நிஜத்துல சரிபாதி. 1-ஆல வகுத்தா எல்லாம் டபுள் ஆகி 24/9, அச்சு அசலா 2.67.

கோட்குரங்கு: சராசரியா கரெக்ட், சரி. ஆனா பாபு கையில இருக்கறது ஒரே ஒரு சாம்பிள், அதுல தப்பு எவ்ளோங்கறதுதான முக்கியம்? நார்மல் டேட்டாவுல (மணி வடிவத்துல பரவுறது) அஞ்சு அளவுக்கு மீன் ஸ்கொயர் எர்ரர் (தப்போட வர்க்கத்தோட சராசரி) பாருங்க, 4-ஆல வகுத்தா 0.5, 5-ஆல 0.36, 6-ஆல 0.33 (எல்லாமே சிக்மா, அதாவது நிஜ ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதோட நாலாம் அடுக்கால பெருக்கணும்). அதுவும் இல்லாம உங்க 2.5க்கு ரூட் எடுத்தா வர்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மறுபடி கம்மி பக்கம்தான் சாயுது, அப்ப எங்க போச்சு சுத்தம்?

ஓரமா_நிக்கறவன்: சண்டைக்கு நடுவுல ஒண்ணு, நம்பைல டிடிஓஎஃப்=1 (எத்தனை கழிச்சு வகுக்கணும்ங்கற செட்டிங்) குடுத்தா அதுவும் 2.5 தான் தரும், டீஃபால்ட்டு வேற அவ்ளோதான். எக்செல்ல வார்.பி (முழு எண்ணிக்கையால வகுக்கறது), வார்.எஸ் (ஒண்ணு கழிச்சு வகுக்கறது)னு ரெண்டும் தனித்தனியா இருக்கு. 30 பாக்கெட் எடுத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம், அடிச்சிக்கவே வேணாம்

பழைய_வாத்தியார்: 30 எடுக்க மாட்டாங்களே, ஷிஃப்ட்டுக்கு அஞ்சுதான் எடுப்பாங்க. அங்கதான் குரங்கு தம்பி வழி காலை வாருது. அஞ்சஞ்சா எடுத்து 5-ஆல வகுத்து வருஷம் பூரா சேர்த்து சராசரி போட்டாலும் அந்த 20 சதவீத குறை அப்படியே நிக்கும், டேட்டா கூடக்கூட சரியாகவே ஆகாது. மெஷின் ஆட்டம் கம்மின்னு நம்பி டார்கெட் எடைய இறக்கினா எடை குறைஞ்ச பாக்கெட் கடைக்கு போகும்.

பேக்கிங்_பாபு: ஷிஃப்ட்டுக்கு அஞ்சுதான் சார் எடுக்கறோம். 2.5 போட்டு பக்கத்துல "சாம்பிள், 4-ஆல வகுத்தது"ன்னு எழுதிட்டேன். மேனேஜர் ஏன் ஏறிச்சுன்னு கேட்டா அந்த 2, 4, 6 கணக்க காட்டிடுறேன்

கோட்குரங்கு: காட்டு காட்டு, கூடவே என் 0.36-ஐயும் காட்டு